மிஞ்சிய முனையால் உற்பத்தி வகையைத் தெரிதல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் 'தெரிவு' என்னும் கட்டுப்பாட்டமைப்பைப் படிக்கும்போது, பரீட்சைப் புள்ளியை உள்ளீடாகப் பெற்று 'சித்தி' அல்லது 'சித்தியின்மை' என அச்சிடும் உதாரணத்தையே பெரும்பாலும் செய்து பார்க்கிறோம். அந்த உதாரணத்தில் உள்ளீட்டைத் தருபவர் விசைப்பலகை முன் இருக்கும் மனிதர். ஆனால், ஓர் அங்குலம்கூட நீளமில்லாத கம்பித் துண்டும் அதே தெரிவுக்கு உள்ளீடாகலாம். சாதனங்களைச் செய்வோர் இந்த உபாயத்தை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். ஓமின் விதி, துவித எண், தெரிவு ஆகிய மூன்றும் இதில் ஒன்றுசேர்வதால் மாணவர்களாகிய நீங்கள் இதனை ஊன்றிப் படித்தல் நன்று.

பிரச்சினை என்ன?

ஒருவர் தண்ணீர்த் தாங்கி நிரப்பும் கட்டுப்படுத்தியைச் செய்து விற்கிறார் எனக் கொள்வோம். அதில் இரண்டு வகைகள் உண்டு.

வகை அ: கிணற்று நீரை மோட்டர் மூலம் இறைக்கும் வீட்டுக்குரியது. தாங்கியில் ஒரு மிதவை ஆளியும் கிணற்றில் இன்னொரு மிதவை ஆளியும் உண்டு. கிணற்றில் நீர் இல்லையெனில் மோட்டர் ஓடக்கூடாது.

வகை ஆ: குழாய்நீர் வரும் வீட்டுக்குரியது. மோட்டர் இல்லை, மின்னால் திறந்து மூடும் ஒரு சொலனொயிட் வால்வு மட்டுமே. கிணறு இல்லாதபடியால் கிணற்று ஆளியும் இல்லை.

இரண்டுக்கும் அச்சிட்ட சுற்றுப் பலகை ஒன்றே; நுண்கட்டுப்படுத்தியும் ஒன்றே. வேறுபடுவது செய்நிரலின் சில வரிகள் மாத்திரம். இரண்டு செய்நிரல்களை எழுதி, அ பலகைக்கு ஒன்றையும் ஆ பலகைக்கு மற்றையதையும் ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஏற்றலாம்தான். ஆனால் ஐம்பது பலகைகளை வரிசையாக அடுக்கி வைத்து ஏற்றும்போது ஒன்றில் கோப்பு மாறிவிட்டால், வெளியே பார்த்து அதனைக் கண்டுபிடிக்க வழியில்லை. கிணற்று வீட்டுக்கு ஆ செய்நிரல் போய்விட்டால், கிணறு வற்றிய நாளில் மோட்டர் நீரின்றியே ஓடும். நீர்ப்பம்பியின் சீலை நனைத்துக் குளிரவைப்பது அதனூடாகச் செல்லும் நீரே. நீரின்றி ஓடினால் சீல் சூடேறிக் கெடும். கவனியாது விட்டால் பம்பியே கைவிட்டுப் போகும். மேலும், செய்நிரலில் ஒரு வழுவைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் இரு பிரதிகளிலும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது மிகச் சாதாரணமாக நிகழ்வது.

ஆகவே இரண்டு வகைகளுக்கும் உரிய வரிகளை ஒரே செய்நிரலில் எழுதிவிட்டு, "நான் எந்தப் பலகையில் இருக்கிறேன்?" என்பதை நுண்கட்டுப்படுத்தியே அறிந்துகொள்ளச் செய்வது நலம். அதற்குத் தேவைப்படுவது வேலையின்றி மிஞ்சியிருக்கும் ஒரு முனை மட்டுமே. வேலைத்தளத்தில் இதனைப் 'பின்' என்பர்.

வெறுமனே விடப்பட்ட முனை

ஆடுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தியை உதாரணமாகக் கொள்வோம். இது 5 வோல்ற்றில் இயங்கும்போது, உள்ளீட்டு முனையொன்றில் 1.5 வோல்ற்று அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அதனை 0 எனவும், 3 வோல்ற்று அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 எனவும் உறுதியாக வாசிக்கும். இவை வழங்கல் வோல்ற்றளவின் 0.3 மடங்கும் 0.6 மடங்கும் ஆகும். இடைப்பட்ட பிரதேசத்தில் என்ன வாசிக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை.

முனையில் கம்பி இருந்தால் வகை ஆ, இல்லாவிட்டால் வகை அ என்று தீர்மானித்து, கம்பியைப் புவி முனையுடன் இணைக்கிறோம். கம்பி உள்ள பலகையில் 0 வோல்ற்று, அது 0. கம்பி இல்லாத பலகையில்? மாணவர்கள் பலர் இவ்விடத்தில் "1" என்று எழுதிப் புள்ளியை இழப்பர். சரியான விடை 'வரையறுக்கப்படாதது' என்பதாகும். உள்ளீட்டு முனைக்குள் செல்லும் ஓட்டம் 1 மைக்குரோ அம்பியருக்கும் குறைவு. ஆதலால் எதனுடனும் தொடுக்கப்படாத முனை, அருகே செல்லும் 50 ஏற்சு வீட்டு மின்கம்பியின் புலத்தையோ உங்கள் விரலையோகூட உணர்ந்து 0 இற்கும் 1 இற்கும் இடையே அலையும்.

இதனைத் தீர்க்கவே மேலிழு தடையி பயன்படுகிறது. முனைக்கும் 5 வோல்ற்றுக்கும் இடையே பெரிய பெறுமானமுள்ள தடையியொன்றை இணைத்தால், வேறு தொடுப்பு இல்லாதபோது முனை 5 வோல்ற்றுக்கு இழுக்கப்பட்டு 1 ஆகும். ஏடிமெகா328பியில் இத்தடையி உள்ளேயே அமைந்துள்ளது. பெறுமானம் 20 தொடக்கம் 50 கிலோ ஓம் வரை. செய்நிரலில் ஒரு கட்டளையால் அதனை இணைக்கவும் துண்டிக்கவும் முடியும். எனவே வெளியே பொருத்த வேண்டியது கம்பி மாத்திரமே.

கம்பிக்குப் பதிலாக 1 கிலோ ஓம் தடையியை இடுவது இன்னும் சிறந்தது. செய்நிரலில் தவறி அந்த முனையை வெளியீடாக்கி 1 கொடுத்துவிட்டால், வெறுங்கம்பி குறுஞ்சுற்றாகும். ஒரு முனை தாங்கக்கூடிய 40 மில்லி அம்பியர் எல்லை மீறப்பட்டு அது பழுதடையலாம். 1 கிலோ ஓம் இருந்தால் ஓட்டம் 5 ÷ 1000 = 0.005 அம்பியர், அதாவது 5 மில்லி அம்பியரைத் தாண்டாது. அவ்வாறாயின் 0 சரியாக வாசிக்கப்படுமா? உள்தடையி மிகக் குறைந்த 20 கிலோ ஓம் எனக் கொண்டு அழுத்தப் பிரிப்பானாகக் கணிப்போம்.

முனையின் வோல்ற்றளவு = 5 × 1 ÷ (20 + 1) = 0.24 வோல்ற்று (அண்ணளவாக)

இது 1.5 இலும் மிகக் குறைவு. எனவே ஐயமின்றி 0.

எந்த நிலையை எந்த வகைக்குக் கொடுப்பது?

இக்கட்டுரையில் மிக முக்கியமான இடம் இதுவே. கம்பி இருந்தால் அ, இல்லையெனில் ஆ என்று மாற்றி வைத்தாலும் தர்க்கப்படி பிழை இல்லையே என்று தோன்றும். உண்மை அட்டவணையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பலகைகள் பழுதடையும் விதத்தைப் பார்த்தால் ஒன்றல்ல.

சரியாகப் பற்றாசு பிடிக்காத மூட்டு, நாட்பட வெடித்த மூட்டு, கழன்ற கம்பி ஆகிய எல்லாவற்றினதும் விளைவு 'திறந்த சுற்று' ஆகும். எனவே பழுது நேர்ந்தால் முனை 1 என வாசிக்கப்படும் என்று எதிர்பார்த்தே வடிவமைக்க வேண்டும். இப்போது இரு ஒழுங்குகளையும் சோதிப்போம்.

கம்பி இருந்தால் அ என்று வைத்தோம் எனில், கிணற்று வீட்டுப் பலகையில் கம்பி கழன்றதும் அது தன்னை ஆ என எண்ணும். கிணற்று ஆளியைப் பாராமலே மோட்டரை ஓட்டும். மேலே கூறிய அழிவு நேரும்.

கம்பி இருந்தால் ஆ என்று வைத்தோம் எனில், குழாய்நீர் வீட்டுப் பலகையில் கம்பி கழன்றதும் அது தன்னை அ என எண்ணும். இல்லாத கிணற்று ஆளியைத் தேடும். அந்த உள்ளீடும் மேலிழு தடையியால் 1 ஆக, அதாவது 'கிணற்றில் நீர் இல்லை' என்று, இருக்கும். எனவே வால்வு திறக்காது. தாங்கி நிரம்பவில்லை என்று வீட்டுக்காரர் முறையிடுவார். திருத்துநர் வந்து ஒரு மூட்டைப் பிடித்துவிட்டுப் போவார். அவ்வளவே நட்டம்.

கிணற்று ஆளியும் இவ்வாறே, நீர் உள்ளபோது மூடிய சுற்றாகவும் இல்லாதபோது திறந்த சுற்றாகவும் இருக்குமாறு தெரிவுசெய்யப்பட்டது என்பதைக் கவனிக்குக. அந்த ஆளியின் கம்பி அறுந்தாலும் மோட்டர் நிற்கும், ஓடாது.

போலிக்குறிமுறை

தொடக்கம்
வகைமுனையை உள்ளீடு ஆக்குக
உள் மேலிழு தடையியை இணைக்குக
1 மில்லிசெக்கன் பொறுத்திருக்க
வகைமுனையை வாசித்து 'வகை' எனும் மாறியில் இடுக
மீண்டும் மீண்டும் செய்க
 வகை = 0 எனில்
  தாங்கி நிரம்பவில்லை எனில் வெளியீட்டை இயக்குக, இல்லையெனில் நிறுத்துக
 இல்லையெனில்
  தாங்கி நிரம்பவில்லை, அத்துடன் கிணற்றில் நீர் உண்டு எனில் வெளியீட்டை இயக்குக, இல்லையெனில் நிறுத்துக

இங்கே முனை ஒரு தடவை மட்டும், தொடக்கத்தில் வாசிக்கப்படுகிறது. வகை என்பது பலகை செய்யப்பட்ட அன்றே தீர்ந்த விடயம். அதனை ஒவ்வொரு சுற்றிலும் கேட்பது வீண். வீண் மட்டுமன்று, மோட்டரை இயக்கும் அஞ்சலி திறந்து மூடும் கணத்தில் எழும் மின் இரைச்சலால் முனை ஒரு கணம் பிழையாக வாசிக்கப்பட்டால் சாதனம் நடுவழியில் தன் வகையையே மாற்றிக்கொள்ளும். தடையியை இணைத்த பின்னர் சிறிது பொறுத்திருப்பதும் காரணத்துடனேயே. முனையிலும் செப்புத் தடத்திலும் உள்ள சிறு கொள்ளளவம் ஏற்றம்பெற நேரம் எடுக்கும். எட்டுத் தடவை வாசித்து எட்டும் ஒன்றாயிருந்தால் மட்டும் ஏற்பது மேலும் நல்லது.

மிஞ்சிய முனைகள் எல்லாம் ஒன்றல்ல

சுற்றில் வேலையற்று இருக்கிறது என்பதற்காக எந்த முனையையும் எடுத்துவிட முடியாது. ஆடுயினோ பலகையின் 13 ஆம் முனையில் ஓர் ஒளிகாலும் இருவாயி தடையியுடன் புவிக்குத் தொடுக்கப்பட்டிருக்கும். பழைய பலகைகளில் இதற்கு உள் மேலிழு தடையியை இணைத்தால் முனை 5 வோல்ற்றுக்கு உயராமல் ஏறத்தாழ 1.7 வோல்ற்றில் தங்கி எப்போதும் 0 எனவே வாசிக்கப்படும். 0 ஆம், 1 ஆம் முனைகள் கணினியுடன் தொடர்பாடுபவை. ஈஎஸ்பி8266 என்னும் நுண்கட்டுப்படுத்தியில் இன்னொரு பொறி உண்டு. அதன் பூச்சிய முனை தொடக்கத்தில் 0 ஆக இருந்தால், அது செய்நிரலை ஓட்டாமல் புதிய செய்நிரலை ஏற்றுவதற்காகக் காத்திருக்கும். வகைக் கம்பியை அங்கே இட்டால் ஆ வகைச் சாதனம் உயிர்பெறவே மாட்டாது.

மாறாக, ஆடுயினோ நானோவின் ஏ6, ஏ7 முனைகள் ஒப்புமை உள்ளீடுகள் மாத்திரமே. இலக்கமுறையாக வாசிக்க முடியாது. உள் மேலிழு தடையியும் இல்லை. ஆதலால் இவை பெரும்பாலும் மிஞ்சியே கிடக்கும். அவற்றுக்குத்தான் அடுத்த முறை மிகப் பொருத்தம்.

ஒரு முனை, பல வகைகள்

இலக்கமுறை முனை ஒன்று 2 வகைகளையும், இரண்டு 4 வகைகளையும், மூன்று 8 வகைகளையும் பிரித்தறியும். ஒரு முனை மட்டும் மிஞ்சி மூன்று வகைகள் இருந்தால் ஒப்புமை–இலக்க மாற்றியை நாடலாம். இது 0 தொடக்கம் 5 வோல்ற்று வரையுள்ள அழுத்தத்தை 0 தொடக்கம் 1023 வரையான எண்ணாக்கும், அதாவது 10 பிற்று. எல்லாப் பலகையிலும் முனைக்கு மேலே 10 கிலோ ஓம் தடையி. கீழே, வகைக்கேற்ப வெவ்வேறு தடையி.

கீழ்த் தடையி 3.3 கிலோ ஓம்: 1024 × 3.3 ÷ 13.3 = 254
கீழ்த் தடையி 10 கிலோ ஓம்: 1024 × 10 ÷ 20 = 512
கீழ்த் தடையி 33 கிலோ ஓம்: 1024 × 33 ÷ 43 = 786

தடையிகளின் பொறுதி 5 சதவீதம் எனின் வாசிப்புச் சற்று விலகும். நடு வகையில் மேல் தடையி 9.5, கீழ்த் தடையி 10.5 என மோசமாக அமைந்தாலும் 1024 × 10.5 ÷ 20 = 538 தான் வரும்; விலகல் 26. மற்ற இரு வகைகளில் விலகல் இன்னும் குறைவு. எனவே ஒவ்வொரு பெறுமானத்துக்கும் இருபுறமும் 40 விட்டு, 214–294, 472–552, 746–826 என மூன்று வலயங்களை மட்டும் ஏற்போம். வாசிப்பு 1023 ஐ ஒட்டி வந்தால் கீழ்த் தடையி கழன்றுவிட்டது. 0 ஐ ஒட்டி வந்தால் பற்றாசு பரவிக் குறுஞ்சுற்று ஆகிவிட்டது. இவ்விரண்டிலும் வெளியீடு எதையும் இயக்காமல் விளக்கை மினுக்கச் செய்யலாம். பழுதைத் தானே அறிவிக்கும் இச்சிறப்பு, கம்பி முறையில் இல்லை. தடையி இரண்டு கூடுதலாகச் செலவாகும். எனினும் மோட்டர் போன்றவற்றை ஆளும் சாதனத்துக்கு இதுவே தக்கது என்பது எமது கருத்து.

வழங்கல் 5 வோல்ற்றிலிருந்து 4.7 ஆக இறங்கினால் வாசிப்பு மாறாதா? மாறாது. பிரிப்பானும் மாற்றியும் அதே வழங்கலையே அளவுகோலாகக் கொள்வதால் விகிதம் நிலைத்திருக்கும்.

பொத்தான் கலத்தில் இயங்கும் சாதனம்

சிஆர்2032 பொத்தான் கலம் 3 வோல்ற்று, ஏறத்தாழ 220 மில்லி அம்பியர் மணி கொண்டது. வெளியே 10 கிலோ ஓம் மேலிழு தடையியை இட்டுக் கம்பியைப் புவியுடன் தொடுத்தால், அத்தடையியூடாக மட்டும் 3 ÷ 10 = 0.3 மில்லி அம்பியர் இடைவிடாது பாயும். 220 ÷ 0.3 = 733 மணித்தியாலம்; ஏறக்குறைய 30 நாள். சாதனம் வேறெதுவும் செய்யாவிட்டாலும் ஒரு மாதத்தில் கலம் தீரும். உள்தடையியைப் பயன்படுத்தி, வாசித்தவுடன் அதனைத் துண்டித்து, முனையை வெளியீடாக்கி 0 கொடுத்துவிட்டால் இவ்வோட்டம் நின்றுவிடும். கம்பி புவிக்குச் செல்வதால் 0 உடன் 0 சேர்கிறது, மோதல் இல்லை. கம்பி வழங்கல் முனைக்குச் செல்லும் அமைப்பில் இதைச் செய்தால் குறுஞ்சுற்று என்பதை மறவாதீர்கள்.

உங்கள் கையருகே உள்ள உதாரணங்கள்

பழைய மேசைக் கணினிகளின் 40 முனை வன்தட்டு நாடாவில் 28 ஆம் முனை இதற்கெனவே இருந்தது. அது புவியுடன் தொடுக்கப்பட்டிருந்தால் அந்த வன்தட்டு முதன்மை, திறந்திருந்தால் துணை. கைத்தொலைபேசியின் மைக்குரோ யூஎஸ்பி இணைப்பியில் நான்காவது முனையும் அவ்வாறே. அது புவிக்குச் சென்றால் தொலைபேசி தன்னை வழங்குநராகக் கருதி நினைவகக் குச்சியை வாசிக்கும். திறந்திருந்தால் கணினிக்குக் கீழ்ப்பட்ட சாதனமாக நடக்கும். டிஎம்பி102 என்னும் வெப்பநிலை உணரியில் ஒரு முனையைப் புவி, வழங்கல், தரவுக் கம்பி, கடிகாரக் கம்பி ஆகிய நான்கில் ஒன்றுடன் தொடுத்து நான்கு முகவரிகளில் ஒன்றைப் பெறலாம்.

அடையாளத் தடையி பிழைத்தால் நிகழ்வதற்குப் பெயர்பெற்ற உதாரணம் 2019 இல் வெளிவந்த றாஸ்பெரி பை 4 ஆகும். யூஎஸ்பி–சீ இணைப்பியில் இரு அடையாள முனைகளுக்கும் 5.1 கிலோ ஓம் வீதம் தனித்தனியே இரு தடையிகள் இருத்தல் வேண்டும். அப்பலகையின் முதல் வடிவில் இரு முனைகளும் இணைக்கப்பட்டு ஒரே தடையிக்குச் சென்றன. சாதாரண வடத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அடையாளச் சில்லுடைய வடங்களில் மறு முனையில் ஏறத்தாழ 1 கிலோ ஓம் இருக்கும். அது சமாந்தரமாகச் சேர, 5.1 × 1 ÷ 6.1 = 0.84 கிலோ ஓம் ஆயிற்று. மின்வழங்கி இதனை ஒரு ஒலித் துணைச்சாதனம் எனக் கருதி மின்னை வழங்க மறுத்தது. பின்னர் வந்த பலகை வடிவில் இரண்டாம் தடையி சேர்க்கப்பட்டது.

மாதிரி வினா

நுண்கட்டுப்படுத்திப் பலகையொன்றின் வகைமுனை 10 கிலோ ஓம் ஊடாக 5 வோல்ற்றுக்கும் 4.7 கிலோ ஓம் ஊடாகப் புவிக்கும் தொடுக்கப்பட்டுள்ளது.

(i) முனையின் வோல்ற்றளவு யாது?
(ii) இலக்கமுறை உள்ளீடாக இதனை 0 எனக் கொள்ளலாமா?
(iii) ஒப்புமை வாசிப்பு யாது? மேலே தரப்பட்ட வலயங்களின்படி சாதனம் என்ன செய்யும்?
(iv) உறுதியான 0 பெற ஒரு மாற்றம் கூறுக.

விடை:
(i) 5 × 4.7 ÷ 14.7 = 1.6 வோல்ற்று.
(ii) இல்லை. 1.5 இற்கும் 3 இற்கும் இடைப்பட்டதால் வரையறுக்கப்படாத நிலை. '1.6 என்பது 3 இலும் குறைவு, ஆகவே 0' என எழுதினால் புள்ளி கிடையாது.
(iii) 1024 × 4.7 ÷ 14.7 = 327. எந்த வலயத்திலும் இல்லை. 3.3 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பிழையான தடையி பொருத்தப்பட்டுள்ளது என ஊகிக்கலாம். சாதனம் வெளியீட்டை இயக்காது பழுதை அறிவிக்கும்.
(iv) 4.7 கிலோ ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓம் இடுக. அப்போது 5 × 1 ÷ 11 = 0.45 வோல்ற்று. நிறக் குறிமுறை கேட்கப்பட்டால்: கபிலம், கறுப்பு, சிவப்பு.